இடித்துவிட்டுச் சொல்லாமல் போனவருக்கும், பணம் வாங்கிக்கொண்டு கைவிரித்தவர்களுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தரைக்கீழ் வாகன நிறுத்துமிடத்தில், கட்டணச் சீட்டு வாங்கி, அங்கிருந்த காவலர் காட்டிய இடத்தில், கோட்டுக்குள் நேராக நிறுத்திவிட்டுச் சென்ற என் காரை, கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை யாரோ ஒருவர் இடித்து நசுக்கிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்காமல் போய்விட்டார். நாளேட்டில் இடம்பெற இதைவிடப் பெரிய துயரங்கள் எத்தனையோ உண்டு என்பதை அறிவேன். ஆயினும், இந்தப் பத்து நாள்களாக நான் போய் நின்ற ஒவ்வோர் இடத்திலும், தவறு செய்யாத என் தலையிலேயே அந்த நஷ்டம் முழுவதும் எப்படி வந்து இறங்கியது என்பதைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. கார் வைத்திருக்கும் வாசகர்களில் பாதிப் பேராவது இதே அனுபவத்தை ஏதோ ஓர் அளவில் அடைந்து, வாயை மூடிக்கொண்டு பட்டறைக்குப் பணம் கட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

என் தாயாருக்கு 78 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். வலது கால் ஏறக்குறைய மடங்குவதே இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வேகன் ஆர் வாங்கியதே, அதன் கூரையும் இருக்கையும் சற்று உயரமாக இருப்பதால் அவர் அதிகம் குனியாமல் ஏறி உட்காரலாம் என்பதற்காகத்தான். பின்பக்க இடது கதவைத் திறந்து, முதலில் அவரை இருக்கையின் ஓரத்தில் உட்காரவைத்து, மடங்காத வலது காலை நான் கையில் தாங்கி உள்ளே வைத்த பிறகு, இடது காலை அவரே எடுத்து வைப்பார். வலப்பக்கக் கதவு வழியாக ஏறினால் அந்த மடங்காத கால் கடைசியாக வந்து கதவுச் சட்டத்தில் இடிக்கும். அந்த வலியை அவரால் தாங்க முடியாது. இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், இடித்துவிட்டுப் போனவர் நசுக்கியது சரியாக அந்த இடது பின்கதவைத்தான்.

காலை 10.20 மணிக்கு உள்ளே நுழைந்த நாங்கள், மூட்டு மருத்துவரைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, மருந்தும் வாங்கிக்கொண்டு, அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளியபடி கீழே இறங்கி வந்தபோது மணி 1.50. கதவுப் பிடியை இழுத்தேன், வரவில்லை. பூட்டு திறக்கவில்லையோ என்று சாவியை மறுபடியும் அழுத்தி இழுத்தேன். அதன் பிறகே, மங்கிய விளக்கு வெளிச்சத்தில், கதவின் நடுவில் தொடங்கி, பின்சக்கர வளைவின் மேலாக, பம்பரின் மூலை வரை இரண்டு முழ நீளத்துக்குத் தகடு உள்வாங்கியிருப்பது கண்ணில் பட்டது. கதவின் பின்விளிம்பு பக்கத் தகட்டோடு சேர்ந்து நெரிந்திருந்ததால், இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லை. அம்மா அந்த இடத்தில், வண்டிகள் இறங்கும் சரிவுப் பாதைக்கு அருகில், புகை நாற்றத்துக்கு நடுவே, சக்கர நாற்காலியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் முன்னிருக்கையை முடிந்தமட்டும் பின்னுக்குத் தள்ளி, அதில் அவரை ஏற்றினோம். ஏற்றும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். "போகட்டும் விடு கண்ணு, ஆளுக்கு ஒண்ணும் ஆகலையில்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னதும் அவர்தான்.

யாரோ ஒருவருக்குத் தெரியாமலேயே நடந்துபோன உரசலாக இருக்கலாமே என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நானும் முதலில் அப்படி நினைக்கவே விரும்பினேன். ஆனால் சேதத்தின் அடையாளங்கள் வேறு விதமாகப் பேசின. தகட்டில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பட்டையாக, முன்னிருந்து பின்னோக்கி இழுபட்டிருந்தது. அதன் உயரமோ தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி. எனக்கு இடப்பக்கம் நின்ற ஓர் உயரமான வண்டி, பின்னால் எடுக்கும்போது முழுவதுமாக வெளியே வருவதற்கு முன்பே ஸ்டீயரிங்கை ஒடித்திருக்கிறது. அப்படி ஒடித்தால் வண்டியின் வால் ஒரு பக்கம் திரும்ப, அதன் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும் என்பது ஓட்டுநர் பயிற்சியில் முதல் மாதமே சொல்லித்தரும் பாடம். அந்த மூக்குதான் என் கதவில் பதிந்து, வண்டி பின்னால் வர வர, பம்பர் வரை உழுதுகொண்டே போயிருக்கிறது. கதவையே திறக்கவிடாமல் நெரித்த இடியை உள்ளே இருந்தவர் உணரவில்லை என்றால் என்னால் நம்ப முடியவில்லை. இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. பின்விளக்கின் உடைந்த சிவப்புத் துண்டுகள் காருக்குப் பின்னால் விழுந்த இடத்தில் சிதறிக் கிடக்கவில்லை. பக்கத்துத் தூணின் அடியில் ஒரு குவியலாக ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தத் தளத்தில் அன்று யாரும் பெருக்கவில்லை என்று துப்புரவுப் பணியாளர் அம்மாள் சொன்னார். அப்படியானால் யாரோ ஒருவர் வண்டியிலிருந்து இறங்கியிருக்கிறார், நடந்ததைப் பார்த்திருக்கிறார், துண்டுகளைக் காலால் தூணோரம் தள்ளியிருக்கிறார், மறுபடி ஏறி, கட்டணம் செலுத்தி, வெளியே போயிருக்கிறார். இடித்தது கவனக்குறைவு, அதை நான் மன்னிக்கத் தயார். அந்தத் துண்டுகளைத் தள்ளிய பிறகு அவர் எடுத்த முடிவை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளியேறும் வாயிலில் கட்டணம் வாங்கும் இளைஞரிடம் முறையிட்டேன். அவர் மரியாதையாகவே பேசினார். "அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லீங்க சார், டோக்கன்லயே போட்டிருக்குதுங்க" என்று சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமப்படும் எழுத்தில், வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன என்றும், களவுக்கோ சேதத்துக்கோ நிர்வாகம் பொறுப்பாகாது என்றும் அச்சிட்டிருந்தார்கள். அதைக் காட்டிவிட்டு, நிறுத்தியதற்கான கட்டணம் 80 ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாதச் சம்பளத்துக்கு அங்கே நிற்கும் அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த 80 ரூபாய் எதற்கு என்ற கேள்விக்கு நிர்வாகத்திடமிருந்து எனக்கு இன்னும் பதில் வரவில்லை. காரைக் காப்பதற்கு அந்தப் பணம் இல்லை என்றால், நான்கு கோடுகளுக்கு நடுவே சில மணி நேரம் நின்றதற்கான வாடகை என்று சொல்லட்டும். காவலர் சீருடையும் கேமராவும் பாதுகாப்பு என்று எழுதிய பலகையும் எதற்கு என்றும் கூடவே சொல்லட்டும்.

சீட்டின் பின்பக்கத்தில் எதை அச்சிட்டாலும் அது சட்டமாகிவிடாது என்பதற்கு உச்ச நீதிமன்றமே 2019 நவம்பரில் ஒரு தீர்ப்பில் வழிகாட்டியிருக்கிறது. டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியில், 1998 ஆகஸ்டில், ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் களவுபோன வழக்கு அது. சாவியைப் பெற்றுக்கொண்ட கணமே அந்தப் பொருளைப் பேணிக் காக்கும் பொறுப்பு விடுதியைச் சேர்ந்துவிடுகிறது என்றும், உரிமையாளரின் பொறுப்பில் என்று சீட்டில் போட்டுவிட்டுத் தன்னுடைய அல்லது தன் ஊழியருடைய கவனக்குறைவிலிருந்து விடுதி நழுவ முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர், அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ அப்படிக் கவனிக்க வேண்டும் என்று 151ஆம் பிரிவில் கூறுகிறது. என் வழக்கறிஞர் நண்பரிடம் இதைக் கேட்டபோது, காரை நானே நிறுத்திவிட்டுச் சாவியையும் என் பையிலேயே வைத்திருந்ததால், அந்தத் தீர்ப்பு எனக்கு அப்படியே பொருந்திவிடாது என்று நேர்மையாகச் சொன்னார். அதை ஏற்கிறேன். ஆனாலும், காசு வாங்குகிறவருக்குக் கடமை எதுவுமே இல்லை என்று அதற்குப் பொருளாகாது. சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகும் வழி திறந்தே இருக்கிறது என்றும், என்னுடையதைப் போன்ற சிறு விவகாரங்களுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை என்றும் அவரே சொன்னார். நானும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன்.

நான் கேட்டது இழப்பீட்டைக்கூட அல்ல. உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு வண்டியின் பதிவெண்ணும் வாயில் கேமராவில் பதிவாகிறது. 10.20க்கும் 1.50க்கும் இடையே வெளியேறிய உயரமான வெள்ளை நிற வண்டிகளில், முன்பக்க வலது மூலையில் சிராய்ப்பு உள்ளது எது என்று பார்த்தால் போதும். அரை மணி நேர வேலை. முதல் நாள் "நிர்வாக அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள்" என்றார்கள். கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் போனபோது, நோயாளிகளின் தனியுரிமை காரணமாக வெளியாட்களுக்குப் பதிவைக் காட்ட இயலாது, காவல்துறை கேட்டால் கொடுப்போம் என்றார்கள். தனியுரிமை என்பதை நான் மதிக்கிறேன். எனக்குக் காட்ட வேண்டாம், நீங்களே பார்த்து அந்த உரிமையாளருக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, அது எங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காவல் நிலையத்தில், யாருக்கும் காயம் இல்லாததாலும் இடித்தவர் யாரென்று தெரியாததாலும் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கில்லை என்று கூறி, புகாரைப் பெற்றதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களுக்கு இருக்கும் பணிச்சுமையில் என் கார்க் கதவு எத்தனையாவது இடத்தில் வரும் என்பதை நான் அறியாதவன் அல்லன்.

ஆனால் சட்டம் இதை அற்பமாக நினைக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவில், ஆளுக்குக் காயம் ஏற்பட்டால் மட்டுமல்லாமல், பிறர் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும், அந்த வாகனத்தை ஓட்டியவர் நடந்ததை அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்ற விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. தெரிவிக்காமல் விட்டால், 187ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்த அபராதம் 500 ரூபாயிலிருந்து பத்து மடங்காக உயர்த்தப்பட்டது. பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடமும் பொது இடமே என்று அதே சட்டம் வரையறுக்கும்போது, கட்டணம் கட்டிய எவரையும் உள்ளே விடும் வாகன நிறுத்துமிடத்துக்கு இந்தக் கடமை பொருந்தாது என்று எவரும் எளிதில் வாதிட முடியாது என்றே நான் கருதுகிறேன். ஓட்டுநர் உரிமத்துக்கு வரும் இளைஞர்களிடம் சிக்னல் விளக்கையும் சாலைக் குறிகளையும் பற்றிக் கேட்கிறோம். இடித்தால் சொல்ல வேண்டும் என்ற இந்தக் கடமையைப் பற்றி அவர்களில் எத்தனை பேரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்?

"காப்பீடுதான் இருக்கிறதே, கிளெய்ம் பண்ணிவிடுங்கள்" என்று நான் சந்தித்த எல்லாரும் சொன்னார்கள். காவல் நிலையத்திலும் சொன்னார்கள், மருத்துவமனையிலும் சொன்னார்கள். ஆகவே அந்தக் கணக்கை இங்கே விரித்து எழுதுவது பலருக்கும் பயன்படும். பட்டறையில் கொடுத்த மதிப்பீடு 18,600 ரூபாய்: புதிய பம்பர் 3,800, பின்விளக்கு 3,200, கதவையும் பக்கத் தகட்டையும் டிங்கரிங் பார்த்து நிமிர்த்தும் கூலி 4,000, பட்டி வைத்துத் தேய்த்து பிரைமர் அடித்து நிறம் பொருத்திப் பெயின்ட் அடிக்க 7,600. என் கார் ஐந்து வயதைக் கடந்துவிட்டதால், தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியை நான் இப்போது எடுப்பதில்லை. அதனால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகை கழியும்; பம்பரிலும் விளக்கிலும் 3,500 ரூபாய் போய்விடும். பெயின்ட் செலவில் கால்பங்கைப் பொருள் விலை என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 950. 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் சேர்ந்தால், 5,450 ரூபாய் என் கையிலிருந்து. காப்பீட்டு நிறுவனம் தருவது 13,150.

கணக்கு இத்தோடு முடிந்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு கிளெய்மும் செய்யாமல் ஓட்டியதால் எனக்கு இப்போது பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், இருக்கிறது. இந்த ஒரு கிளெய்மைச் செய்தால் அடுத்த ஆண்டு அது பூஜ்யமாகிவிடும்; பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறி, மறுபடி 50ஐத் தொட ஐந்து ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட புதுப்பித்தல்களில் நான் இழக்கும் சதவீதங்களைக் கூட்டிப் பார்த்தேன்: 50, 30, 25, 15, 5, ஆக 125. சொந்தச் சேதத்துக்கான என் பிரீமியம் போனஸுக்கு முன் 6,400 ரூபாய். அது ஐந்து ஆண்டும் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொண்டால் இழப்பு 8,000. காரின் மதிப்புக் குறையக் குறைய இது கொஞ்சம் குறையலாம். 13,150இல் அதைக் கழித்தால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை காத்திருந்து, படிவங்கள் எழுதி, பட்டறைக்கு நாலைந்து முறை நடந்த பிறகு, எனக்கு உண்மையில் மிஞ்சுவது ஐயாயிரத்துச் சொச்சம். பத்திரமாக ஓட்டியதற்குப் பரிசாகக் கொடுத்த போனஸை, நின்றுகொண்டிருந்த காரை வேறொருவர் இடித்ததற்காகப் பறித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. கிளெய்ம் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

இதில் பலரும் அறியாத ஒன்று இருக்கிறது. இடித்தவர் தன் பதிவெண்ணையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால், அவருக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு வாகனத்துக்கும் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டில் பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதமும் அடங்கும். தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசியில் அதன் உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய். அந்த வகையில் வரும் கோரிக்கையால் அவருடைய நோ கிளெய்ம் போனஸ் குறையாது. அதைப் பெற மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்கும் என்பதால், இருபதாயிரத்துக்கு உட்பட்ட சேதங்களை நம் ஊரில் இரு தரப்பும் பட்டறையில் நின்று பேசியே முடித்துக்கொள்கிறார்கள். பேசுவதற்கு எதிரில் ஆள் இருந்தால் எத்தனையோ வழி பிறக்கும். நான் பாதியை வாங்கிக்கொண்டு விட்டிருப்பேன். அவருக்கு வசதி இல்லை என்று தெரிந்தால் அதையும் விட்டிருப்பேன்.

இடித்தவரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதும் முழு நியாயம் ஆகாது. மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது ஒரு டேப்பையும் எடுத்துப்போய், நான் நிறுத்திய இடத்தை அளந்தேன். கோட்டுக்குக் கோடு 2.2 மீட்டர். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி ஒரு காருக்கான இடம் இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். பழைய கோடுகளைக் கறுப்புப் பெயின்டால் மறைத்துப் புதுக் கோடுகள் போட்ட தடம் தரையில் இன்னும் தெரிகிறது. பதினெட்டு கார்கள் நிற்க வேண்டிய அந்த வரிசையில் இருபத்தொன்று நிற்கின்றன. நம் வீட்டு வாசல்களில் ஒரு காலத்தில் நின்ற மாருதி 800இன் அகலம் 1.44 மீட்டர், இன்று மக்கள் விரும்பி வாங்கும் பெரிய எஸ்.யு.வி.க்களில் சில 1.9 மீட்டரைத் தொட்டுவிட்டன. 2.2 மீட்டர் இடத்தில் அப்படி இரண்டு வண்டிகள் அருகருகே நின்றால் நடுவே இருப்பது ஓர் அடி. அதில் கதவைத் திறந்து ஆள் இறங்குவது எப்படி, நோயாளியை இறக்குவது எப்படி? வண்டிகள் பெருக்கின்றன, இடங்களோ சுருங்குகின்றன. கூடுதலாக நிற்கும் மூன்று கார்களின் கட்டணம் நிர்வாகத்துக்குப் போகிறது, நெருக்கத்தால் வரும் சேதம் எங்களுக்கு வருகிறது. நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் இப்படிச் செய்வதை என்னால் சகிக்க முடியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கிருத்திகை நாளில், மருதமலை அடிவாரத்தில் நானும் ஒரு வண்டியை இடித்திருக்கிறேன். கூட்ட நெரிசலில் பின்னால் எடுத்தபோது பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடி என் கதவில் மாட்டி ஒடிந்து தொங்கியது. உரிமையாளர் மலைமேல் இருந்தார்; சுற்றியிருந்த யாரும் என்னைப் பார்க்கவில்லை. போய்விடலாம் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எதுவும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் இருந்த அர்ச்சனைச் சீட்டின் பின்னால் என் எண்ணை எழுதி, மழை வந்தாலும் நனையாதபடி பூ வைத்திருந்த பாலித்தீன் பையில் போட்டு, அந்தக் காரின் வைப்பருக்கு அடியில் செருகினேன். மாலையில் அவர் கூப்பிட்டார். பொள்ளாச்சிக்காரர். முதலில் கடுமையாகத்தான் பேசினார். பேசும் உரிமை அவருக்கு இருந்தது. புதுக் கண்ணாடிக்கு ஆன 1,850 ரூபாயை அனுப்பினேன். அத்தோடு முடிந்தது. அன்றைக்கு இருந்த படபடப்பு இன்றும் நினைவில் இருப்பதால்தான், அந்தத் தூணின் அருகே நின்றவரின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு வேளை அவரும் தன் வீட்டு நோயாளியை அழைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பியவராக இருக்கலாம். அப்படியிருந்தால், அந்த நேரத்தில் முடியாததை இப்போதாவது செய்யலாமே. என் காரின் எண்ணும் என் கைபேசி எண்ணும் கட்டண வாயிலில் இருக்கும் இளைஞரிடம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

மாநகராட்சிக்கும், கட்டணம் வாங்கி வாகனங்களை நிறுத்தவிடும் இடங்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. காசு வாங்குகிற ஒவ்வோர் இடத்திலும், சேதம் நடந்தால் எழுதிவைக்க ஒரு பதிவேடும், அதைப் பார்த்துக் கையெழுத்திட ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கட்டும். வாயில் மட்டுமல்லாமல் வரிசைகளும் கேமராவில் தெரிய வேண்டும். புகார் வந்த நாளின் பதிவு, விசாரணை முடியும்வரை அழியக் கூடாது. கோடுகளின் அகலத்தை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது வந்து அளக்கட்டும். டேப்பின் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கும். ஆனால் ஒன்றுக்கு நாள் இல்லை. அந்த நிறுத்துமிடத்தில் கேமராப் பதிவுகள் பதினைந்து நாள் மட்டுமே இருக்கும், அதன் பிறகு தானாக அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும் என்று நிர்வாக அலுவலகத்தில் சொன்னார்கள். இன்றோடு பத்து நாள் ஆகிவிட்டது. என் கடிதம் முத்திரையுடன் அவர்களிடம் இருக்கிறது, சி.எஸ்.ஆர். ரசீதின் நகலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். அன்று காலை 10.20 மணி முதல் 1.50 மணி வரையிலான அந்தப் பதிவை மட்டும் தனியே எடுத்து வைக்கும்படி, காவல்துறை கேட்கும்வரை யாருக்கும் காட்டாமலே வைத்திருக்கும்படி, தங்கள் நாளிதழ் வாயிலாக அந்த நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிங்காநல்லூர், கோவை.